பஃப் அக்கா பிரித்துவிட்ட கூந்தல்

தையல் கடைக்கு மேலே, குறுகலான படி ஏறினால் வரும் ஒற்றை அறைதான் அவளுடைய பியூட்டி பார்லர். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை அலசும் தொட்டி. உச்சி முடியைத் தூக்கிப் பஃப் வைப்பதில் அவளை அடிச்சுக்க ஆளில்லை என்று பெயர் வாங்கியதால், எல்லோருக்கும் அவள் பஃப் அக்கா. லாரிகளுக்கு டயர் மாட்டும் அவள் புருஷன், "நான் டயருக்குக் காத்தடிக்கிறேன், நீ தலைக்குக் காத்தடிக்கிறே" என்பான். பத்தொன்பது வருஷமாக அதே ஜோக்தான். அவளும் சிரித்துத் தொலைப்பாள்.

காற்றில் நிற்கிற வேலையல்ல அது. விரலகலம் ஒரு கற்றையை எடுத்து நேராகத் தூக்கிப் பிடித்து, சீப்பால் வேர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். முடி அடியில் மெத்தை போலச் சேரும். கற்றை கற்றையாக இப்படிச் செய்து, மேல் முடியை மட்டும் வழித்து மூடிவிட்டால் உள்ளே இருக்கிற சிக்கு வெளியே தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை கல்யாணப் பெண் ஒருத்தி வந்தாள். பதினோரு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். இடுப்பைத் தாண்டிய முடி. ஆனால் உச்சியில் அடர்த்தி இல்லை.

"போட்டோல தலை தட்டையா தெரியக் கூடாதுக்கா."

"கவலைய விடு கண்ணு. நாள் முழுக்க அசையாம நிக்கும்."

ஒரு மணி நேரம் நின்றபடியே வேலை செய்து அனுப்பிவைத்தாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே பெண் அப்பாவோடு படியேறி வந்தாள். கொண்டை ஊசிகளைப் பிடுங்கியிருந்தார்கள். ஒரு பக்கம் அப்படியே நிமிர்ந்திருந்தது, இன்னொரு பக்கம் பிய்ந்த பஞ்சு மாதிரி தொங்கியது.

"மாப்பிள்ளை வரலம்மா" என்றார் அப்பா. "வீட்ல இவ அம்மா சீவிப் பாத்தா. கொத்துக் கொத்தா வருது. வலி தாங்கல புள்ளைக்கு."

"வெட்டிருங்கக்கா" என்றாள் பெண். "ஒட்ட வெட்டிருங்க."

பஃப் அக்கா கத்தரியை எடுக்கவில்லை. "இன்னைக்கு வெட்ட மாட்டேன். சிக்க மட்டும் எடுக்கறேன். அப்புறமும் வெட்டணும்னு தோணுச்சுன்னா இன்னொரு நாள் வா. ஏன்னு கேக்க மாட்டேன்."

அப்பா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார். அவள் முடியை நனைத்து, கண்டிஷனர் தடவி, நுனியிலிருந்து ஆரம்பித்தாள். வேரை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலாலேயே பிரித்தாள். ஒரு கற்றைக்குப் பத்து நிமிஷம் ஆனது. நாலாவது கற்றையின்போது அந்தப் பெண் சொன்னாள்.

"ரெண்டு மணி வரைக்கும் அங்கயே நின்னோம். வந்தவங்க எல்லாரும் என் தலையத்தான் பாத்தாங்க. என் முகத்தப் பாக்க முடியாம தலையப் பாத்தாங்க. ஒருத்தங்க சொன்னாங்க, எவ்ளோ நல்லா வெச்சிருக்காங்கன்னு."

பஃப் அக்கா முடியிலிருந்து கையை எடுத்தாள். "கொஞ்சம் குனிஞ்சுக்க" என்றாள். பெண் குனிந்தாள். தோள் குலுங்கி அழுது முடிக்கும் வரை பஃப் அக்கா முடியைத் தொடவில்லை.

முழுசாகப் பிரிக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று. உதிர்ந்த முடியைப் பெண்ணின் கண்ணில் படாமல் சுருட்டித் தாளில் மடித்தாள்.

எட்டாம் நாள் பெண் தனியாக வந்தாள். "வெட்டுங்கக்கா" என்றாள். கொடுத்த வாக்குக்காக, பஃப் அக்கா தோள் வரை விட்டு வெட்டினாள். அந்தப் பெண் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துவிட்டு, "கழுத்து லேசா இருக்கு" என்றாள்.

அதன் பிறகு ஒரு மாதத்துக்கு மணப்பெண் யாரையும் அவள் உட்கார வைக்கவில்லை. அடுத்த தெருப் பார்லருக்கு அனுப்பிவிட்டாள். புருஷன் காரணம் கேட்கவில்லை. இரண்டு வேளைச் சமையலையும் தானே பார்த்துக்கொண்டான்.

மறுபடி ஆரம்பித்தபோது புதுப் பழக்கம் ஒன்று வந்தது. பெண்ணோடு யார் வந்தாலும் பக்கத்தில் நிறுத்தி, பஃப்பை எப்படிப் பிரிப்பது என்று செய்துகாட்டுவாள். மேலேயிருந்து இழுக்காதீங்க, நுனியிலேர்ந்து வாங்க, அவசரப்படாதீங்க. ஒரு அம்மா எரிந்து விழுந்தாள்: "இப்பத்தான் வெக்கறீங்க, அதுக்குள்ள பிரிக்கறதப் பத்திப் பேசறீங்களே!"

"சீப்ப இப்படிப் பிடிங்கம்மா" என்றாள் பஃப் அக்கா.