நான் பச்சை நிறம் பூசிய தறித்தெரு

கொசுவால் பரவும் காய்ச்சல் எந்தத் தெருவில் எப்போது கூடும் என்று கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் ஆராய்ச்சி. மழை, தேங்கும் நீர், கொசு, மனிதர் நடமாட்டம் எல்லாம் அதற்குள் போகும். காஞ்சிபுரத்துக்கும் ஒரு வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஆபத்தான தெரு சிவப்பு, ஆபத்தில்லாதது பச்சை. அதுவரை அந்த ஊரில் நான் கால் வைத்ததில்லை. பட்டுப்புடவை எடுக்கக்கூடப் போனதில்லை என்றால் பாருங்கள். போனது இந்த ஆடி மாதம், இரண்டாவது சனிக்கிழமை.

செங்கல்பட்டில் காலை 7.20க்கு ரயில். டிக்கெட் பத்து ரூபாய், சுமார் 36 கிலோமீட்டர். 8.15க்கு இறங்கியபோது செல்வி காத்திருந்தார். வீடு வீடாகப் போய்த் தொட்டியிலும் டிரம்மிலும் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்கும் பணியாளர் அவர். பெரிய காஞ்சிபுரத்துக்கு ஆட்டோ நூறு ரூபாய்.

"கோயிலுக்கா சார்?" என்றார் ஓட்டுநர்.

"இல்லப்பா, ஒரு ஊட்டுக்கு" என்று செல்வியே சொல்லிவிட்டார்.

போன வருடம் ஓர் இணையவழிக் கூட்டத்தில் இதே செல்வி என்னிடம் சொன்னார்: "சார், தறிக்காரங்க தெருவ பச்சைன்னு போட்டுக்கிறீங்க. அவங்க பகல் பூரா ஊட்லதான் இருப்பாங்க. தறியே ஊட்டுக்குள்ளதான இருக்குது."

என் கணக்கிலோ, வேலை செய்கிற எல்லாரும் காலையில் வெளியே போய் மாலையில் திரும்புவார்கள். டெங்குக் கொசு கடிப்பது பகலில். பகலில் ஆளில்லாத தெரு என்று நினைத்துத்தான் பச்சை பூசினேன். "புள்ளிவிவரம் இருந்தா அனுப்புங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். பச்சைத் தெருவுக்கு ஆள் வேண்டாம் என்று, என் வரைபடத்தை வைத்து அவரை வேறு பகுதிக்கு மாற்றினார்கள். மழைக்காலத்தில் போன் செய்தார். "அந்தப் பச்சைத் தெருவுல ஒரு அம்மா டெங்குல போயிட்டாங்க சார்."

அதற்கும் எட்டு மாதம் கழித்துத்தான் போனேன். ஒரு சாவுக்கும் ஒரு வரைபடத்துக்கும் நேராகக் கோடு இழுக்க முடியாது என்று என் படிப்பு சொல்லும். அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

இறந்தவர் வசந்தா. கணவர் ஏழுமலை நெசவாளர். கொசு ஆராய்ச்சிக்காரர் என்று செல்வி என்னை அறிமுகப்படுத்தியதும், "உக்காந்து பாருங்க சார்" என்று தறியைக் காட்டினார். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதித்தால்தான் அந்தத் தறி ஓடும். உள்ளே இருட்டு, ஈரம். மழையில் தண்ணீரும் ஊறுமாம். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் என் கணுக்காலில் மூன்று கடி. கொசு பகலில் ஒதுங்க இதைவிட வசதியான இடம் உண்டா?

"பொடவ கரைய தனியா கோத்து நெய்ய ரெண்டு பேரு வேணும் சார். நீங்க உக்காந்துக்கினு இருக்கறது அவ எடம்."

எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "அந்த மேப் நான் போட்டதுங்க. தப்புன்னு இவங்க அப்பவே சொன்னாங்க. நான் காதுல வாங்கல" என்றேன்.

ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: "நம்ம தெரு பச்சை, டெங்கு வராதுன்னாங்க. அத நம்பி மூணு நாளு சாதா ஜுரம்னு ஊட்லயே வெச்சிக்கினு இருந்தேன். நாந்தான் கொன்னுட்டேன்னு அவ அண்ணன் இன்னும் பேசறதில்ல. அவன்கிட்ட வந்து இத சொல்றீங்களா சார்?"

அண்ணன் வீடு வாலாஜாபாத்தில். நானும் ஏழுமலையும் பேருந்தில் போனோம். அண்ணன் வாசலிலேயே நின்று நான் சொன்னதையெல்லாம் கேட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏழுமலையைப் பார்த்து, "சாப்டியா மாப்ள?" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் போவதானால் ஆடி வெள்ளியைத் தவிருங்கள், காமாட்சி கோயில் பக்கம் கூட்டம் நெரியும். ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். என்னைப் போலக் கணக்குப் போடுகிறவராக இருந்தால், கணக்குக்கு முன்பே ஒரு நடை போய்விடுங்கள். நான் வாயைத் திறக்காத எட்டு மாதமும் ஏழுமலை தன் மனைவியைக் கொன்றவராக இருந்திருக்கிறார்.