சட்டைக்குள் இருந்த பெல்ட்

எங்கள் வீட்டில் ஒரு பெல்ட்டை முன்னிட்டு ஒரு மாதம் சண்டை நடந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா, கடலூரில் நடக்கவிருந்த பளுதூக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தாள். அதிக எடையைத் தூக்கும்போது இடுப்பில் பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டுமா, கூடாதா என்பதுதான் வழக்கு.

கட்டியே ஆக வேண்டும் என்றவர் அப்பா. போனில் அவர் பார்த்த வீடியோக்களில் தூக்குகிறவர்கள் எல்லாரும் கட்டியிருந்தார்கள். அந்தச் சாட்சி அவருக்குப் போதும். ஒருமுறை சென்னைக்குப் போனவர், கருப்புத் தோலில், கையகலத்துக்கு ஒன்றை வாங்கியே வந்துவிட்டார்.

கூடாது என்றவர் மாமா. அம்மாவின் தம்பி. பகலில் செராமிக் கம்பெனியில் லோடுமேன். லாரியில் வரும் களிமண் மூட்டைகளை இறக்குவார், சூளையில் வெந்த சரக்கை ஏற்றுவார். சாயங்காலம் கம்பெனிக்குப் பின்னால், உடைந்த அச்சுகள் கிடந்த கொட்டகையை ஒழித்து, ஏழெட்டுப் பிள்ளைகளுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுத்தார். அக்காவும் அவர்களில் ஒருத்தி.

"மூச்ச இழுத்து வயித்த இறுக்கு. அதான் பெல்ட்டு. ஆண்டவன் குடுத்தது" என்பார் மாமா.

"ஆண்டவன் காலு குடுத்திருக்கான்னு செருப்பு போடாமயா இருக்கோம் மாப்ள?" என்பார் அப்பா.

பக்கத்துக் கம்பெனியில், ஈரம் காயாத பொம்மைகளை அடுக்கிய பலகையைத் தோளில் வைத்து நாளெல்லாம் நடந்துகொண்டிருந்த அம்மாவிடம் இது குறித்து யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நான் மாமா கட்சி. முன்பெல்லாம் அவர் என்னை ஒரே கையால் தூக்கித் தோளில் வைப்பார். கொஞ்ச காலமாகத்தான் தூக்குவதில்லை. கேட்டால், "நீதான் பெரிய மனுசி ஆயிட்டியே" என்பார். அதை நான் நம்பியதோடு, பெருமையாகவும் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா மாமாவின் அறைக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்பினாள். கதவு ஒருக்களித்திருந்தது. தட்டாமல் உள்ளே போய்விட்டேன். சட்டை மாற்றிக்கொண்டிருந்த மாமாவின் இடுப்பில், விலாவிலிருந்து வயிற்றுக்குக் கீழ் வரை, தோல் நிறத்தில் அகலமான ஒரு பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்தது. மருந்துக் கடையில் விற்பார்களே, அந்த மாதிரி. அவர் அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தொப்ப வுழாம இருக்கக் கட்டியிருக்கேன். உங்க அம்மாகிட்டகூட சொல்லாத பாப்பா" என்றார். அவர் என்னிடம் எதையாவது கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல்தடவை.

பதினொரு நாள் சொல்லாமல் இருந்தேன். ஒன்பது வயதில் அது சாதாரண காரியமில்லை. ஆனால் விரதம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு மறைவில் புரோட்டா தின்பவரைப் பார்த்துவிட்டதுபோல, மாமாவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போட்டிக்கு நான்கு நாள் இருந்தபோது, அக்கா தன் உச்ச எடையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பா பெல்ட்டோடு வந்திருந்தார். மாமாவின் கம்பெனி சூப்பர்வைசரும் தன் மகளைக் கூட்டிப்போக வந்து வாசலில் நின்றார். அக்கா கம்பியைப் பிடித்து இழுத்தாள். முழங்கால் வரை வந்தது. அங்கே அவள் முதுகு வளைந்தது. கம்பியைப் போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இடுப்பு ஒடஞ்சா நாளைக்கி எவன் வந்து பாப்பான்? கட்டுடி" என்று அப்பா பெல்ட்டை நீட்டினார்.

"கட்டுனா முதுகுக்கு அசட்டு தைரியம் வந்துடும்ங்க. தூக்கக் கூடாததயெல்லாம் தூக்கச் சொல்லும். பாரம் என்னமோ அதே பாரந்தான்" என்றார் மாமா.

அக்கா பெல்ட்டை வாங்கினாள். மாமாவின் முகத்தைப் பார்த்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கம்பியிடம் போனாள். என்னால் பொறுக்க முடியவில்லை.

"மாமா மட்டும் கட்டிக்கினு இருக்காரு! சட்டைக்குள்ள. நான் பாத்தேன்!"

மாமா என்னைத் திட்டவில்லை. சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பெல்ட்டைப் பிரித்த சரக்கென்ற சத்தம் கொட்டகை முழுக்கக் கேட்டது. அதைத் தரையில் போட்டுவிட்டு அக்காவை ஒதுங்கச் சொன்னார்.

"வேணாம் மாப்ள" என்றார் அப்பா. அவர் குரல் மாறியிருந்தது.

மாமா குனிந்தார். வயிறு உள்ளே போய் இறுகியது. கம்பி மெதுவாக, ஆடாமல் மேலே வந்தது. நிமிர்ந்து நின்றவர் எங்களைப் பார்க்கவில்லை, சூப்பர்வைசரைப் பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் கம்பியைக் கீழே வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சூப்பர்வைசரும் தட்டினார்.

"கடைசி தூக்குக்கு மட்டும் கட்டிக்க. மத்ததெல்லாம் வயித்தால தூக்கு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு மாமா வெளியே போனார். ஒரு மாத வழக்கை நான் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்ததாக எனக்குத் தோன்றியது.

அக்கா கடலூரில் இரண்டாவதாக வந்தாள். மாமா வரவில்லை. பாயை விட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். கோபம் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீ இன்னா பண்ணுவ? பாத்ததத்தான சொன்ன" என்றார்.

முதுகு போனவனை எந்த லோடுமேன் கூட்டமும் சேர்த்துக்கொள்ளாது. அதற்குப் பயந்துதான் இரண்டு வருடமாக வலியைச் சட்டைக்குள் கட்டிவைத்து, மாமா அவர்களோடு சமமாக மூட்டை சுமந்திருக்கிறார். அன்று அவர் கம்பியைத் தூக்கியது எங்களுக்குப் பாடம் நடத்த அல்ல. வாசலில் நின்ற ஒருவர் பார்ப்பதற்காக. இதையெல்லாம் நான் புரிந்துகொண்டபோது கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தேன்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார், உடம்பைக் கவனிக்கச் சொன்னார். அடுத்த மாதம் மாமாவுக்குக் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, ஒரு விசில், உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பழைய கூட்டாளிகள் வெறும் உடம்போடு லாரியின் மேல் நின்று போவார்கள். மாமா கேட்டைத் திறந்துவிடுவார்.

ஸ்கூல் ஆட்டோ அந்த வழியாகத்தான் போகும். "எங்க மாமாவுக்கு ப்ரமோஷன்டி" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் காட்டி, அவர் திரும்பிப் பார்க்கும் வரை தினமும் நான் கத்திக் கூப்பிட்டேன்.