ஆறு வருஷம் சொல்லாத பெயர்

டிசம்பர் பிறந்துவிட்டால் அந்தப் பள்ளத்தாக்குச் சிறையில் வார்டனின் அதிகாரம் செல்லாது. மூடுபனி வைத்ததுதான் சட்டம். கோபுரத்தில் துப்பாக்கியோடு நிற்பவனுக்குக் கம்பிவேலி கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், கைதி ஒருவனும் கட்டடத்தைவிட்டு வெளியே கால் வைக்கக் கூடாது. மைதானம் இல்லை, பட்டறை இல்லை, நூலகம் இல்லை. அவித்த பயறும் ரொட்டியும் அறைக்கே வரும். பல பேருக்கு அது ஓய்வு. ஒக்தாவியோ மட்டும் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

தண்டனையை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடச் சட்டம் அவனுக்குக் கொடுத்திருந்தது ஒரே ஒரு வருடம். அதில் மீதி இருந்தது பதினோரு நாள். மனுவின் அச்சுப் படிவம் இருந்தது நூலகத்தில். அதிலும் பனி ஏழு நாளை விழுங்கிவிட்டது. தாமதமாகப் போனால் நீதிபதி மனுவைத் திறந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை. பனி பெய்தது என்று சொல்லிப் பார்க்கலாம்தான். குளிர்காயும் அறையில் உட்கார்ந்து தீர்ப்பு எழுதுகிறவர்களுக்குப் பனி ஒரு சாக்காகத்தான் தெரியும்.

ஒக்தாவியோ பெரிய ஆள் இல்லை. பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஒலிவேரா ஊரில் ஏழாம் தெருவில் பிறந்தவன். அப்பா எந்த அறுவடையோடு போனார் என்று யாருக்கும் தெரியாது. அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்கா ஹசிந்தா. பன்னிரண்டு வயதில் மெக்சிகோவிலிருந்து எல்லை தாண்டி வந்தவள், பாதாம் உடைக்கும் ஆலையில் நின்று நின்றே காலில் நரம்பு சுருண்டவள். இந்த நாட்டு மொழியைப் பேச்சளவில் சமாளிப்பாள், எழுத்து மட்டும் கடைசிவரை அவளுக்குப் பிடிபடவில்லை.

பதினைந்து வயதில் ஒக்தாவியோ மணிக்கட்டில் ஏழு என்ற எண்ணைப் பச்சை குத்திக்கொண்டான். குத்தியது எதிர்வீட்டு லஸாரோ உர்பினா. அவனும் அதே ஊசியால், அதே மத்தியானத்தில், அதே எண்ணைத் தன் கையில் குத்திக்கொண்டான். ஏழாம் தெருப் பையன்களுக்கு அது கும்பலில் சேரும் சடங்கு என்று பிற்பாடு கோர்ட்டில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்களுக்கு வெயில் தாங்கவில்லை, வேறு வேலையும் இல்லை, அவ்வளவுதான்.

கொலை நடந்தது ஒரு சனிக்கிழமை மாலை, செலியா அம்மாள் டாக்கோப் பலகாரம் விற்கும் வண்டி நிற்கும் மைதானத்தில். செத்தவன் பெனிட்டோ, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துக் கும்பலோடு சுற்றியவன். பதினெட்டு வயது. சுட்டது லஸாரோ. அந்த நேரம் ஒக்தாவியோ வண்டியின் ஜன்னலில் இரண்டு தட்டுகளோடு நின்றிருந்தான், ஒன்று அவனுக்கு, இன்னொன்று லஸாரோவுக்கு. சத்தம் கேட்டதும் தட்டைப் போட்டுவிட்டு ஓடினான். ஓடினவனைத்தான் பிடித்தார்கள்.

விசாரணையில் அரசுத் தரப்புக் கும்பல் நிபுணர் அவன் மணிக்கட்டின் படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கிக் காட்டி இரண்டு மணி நேரம் பேசினார். இந்த எண் உள்ளவர்கள் எப்படி நினைப்பார்கள், எதற்காகக் கொல்வார்கள் என்று ஜூரிக்குப் பாடம் எடுத்தார். அன்றைக்கு அந்த மைதானத்தில் யார் சுட்டது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. செலியா அம்மாளுக்குத் தெரியும். அவள் பயந்துபோய் ஒரே வாரத்தில் வண்டியை விற்றுவிட்டு ஓரிகனுக்குப் போய்விட்டாள். மனசு கேட்காமல் அங்கிருந்து ஒக்தாவியோவின் வக்கீலுக்கு இரண்டு தடவை போன் செய்தாள். அந்தப் புண்ணியவான் திருப்பிக் கூப்பிடவே இல்லை. நாற்பது வருடம் முதல் ஆயுள்வரை என்று தீர்ப்பு வந்தது.

ஒக்தாவியோ வாய் திறக்கவில்லை. போலீசிடமும் இல்லை, ஜூரியிடமும் இல்லை, அக்காவிடமும் இல்லை. தெரிந்தால் அவளால் மறைக்க முடியாது, முகத்தில் எழுதி ஒட்டியது போலத் தெரிந்துவிடும். அவள் குடியிருப்பதோ லஸாரோவின் வீட்டுக்கு எதிரே. அதனால் ஆறு வருடமாக அந்தப் பெயரை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த மூடிய வாய்தான் சிறையில் அவனைக் காப்பாற்றியது. புதிதாக வருகிறவன் தன் வழக்குக் காகிதங்களை மைதானத்துப் பெரிய கைகளிடம் காட்ட வேண்டும். யாரையாவது காட்டிக்கொடுத்திருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தவர்கள் சிலர் ஆஸ்பத்திரி போனார்கள், சிலருக்கு ஆஸ்பத்திரிகூடத் தேவைப்படவில்லை. ஒக்தாவியோவின் காகிதம் சுத்தம். தோளில் தட்டிக்கொடுத்துத் திருப்பித் தந்தார்கள். காவலரிடம் பேச வேண்டியிருந்தால் அங்கே எவனும் தனியாகப் போக மாட்டான், காட்டிக்கொடுக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக ஒருவனைத் துணைக்குக் கூட்டிப் போவான். ஒக்தாவியோவும் அப்படித்தான் போவான், தலைவலி மாத்திரை கேட்பதற்குக்கூட.

நான்காவது வருடம் செலியா அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. தான் பார்த்ததை ஸ்பானிய மொழியில் கோணல்மாணலாக எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அவன் ஆறு மாதம் தூங்கவில்லை. சாட்சியைக் கூப்பிடாத வக்கீல் தன் கடமையைச் செய்யவில்லை என்று வாதாடலாம். ஆனால் அந்தச் சாட்சி என்ன சொல்லியிருப்பாள் என்றும் எழுத வேண்டும். பெயர் இல்லாத மனு வெறும் புலம்பல். பெயர் உள்ள மனு எவன் கையிலாவது சிக்கினால் மரணம்.

அவன் துணிந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சிறையில் எல்லாக் கடிதத்தையும் படிப்பார்கள், எல்லாப் போனையும் ஒட்டுக்கேட்பார்கள். கோர்ட்டுக்குப் போகும் உறையை மட்டும் யாரும் படிக்கக் கூடாது. காவலர் அதைக் கைதியின் கண்ணெதிரே உதறிப் பார்ப்பார், கண்ணெதிரே ஒட்டுவார், பதிவேட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார். அந்தத் தேதிதான் கோர்ட்டில் மனு சேர்ந்த தேதி. அந்த இரும்புக் காட்டில் ரகசியம் என்று ஒன்று உண்டென்றால் அந்த உறை ஒன்றுதான். முதலில் மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் பெயரோடு எழுதி அனுப்பினான். நாலு மாதம் கழித்து ஒரே வரி வந்தது: மறுக்கப்பட்டது. பெயர் எவன் காதிலும் விழவில்லை. கோர்ட்டுக்குப் போனது கோர்ட்டோடு என்று அவன் நம்பிவிட்டான்.

எட்டாவது நாள் பனி கொஞ்சம் விலகியது. நூலகத்துக்கு ஓடிப்போய்ப் படிவத்தை வாங்கினான். சட்டம் பேசாதே, நடந்ததைச் சொல் என்று படிவத்தில் அச்சடித்திருந்தது. சொன்னான். பள்ளிக்கூடத்தில் கற்ற உருட்டு எழுத்தில் பதினான்கு பக்கம். முதல் பக்கத்தின் தலையில் ரகசியம் என்று பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டான். மூன்று நாள் மீதி இருக்கையில் காவலர் ப்ரூவர் உறையை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். அன்று அவன் நிம்மதியாகத் தூங்கினான். பாவம், கோர்ட்டுக்குப் போன காகிதம் ஊர்ச் சொத்து என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் என்ன எழுதினாலும் சரி, வழக்கு எண் தெரிந்தவன் கைபேசியிலேயே திறந்து படிக்கலாம்.

கோர்ட்டிலிருந்து வந்த வழக்கு எண்ணை அவனேதான் வெளியே கொடுத்தான். அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று கடிதத்தில் எழுதினான். அவள் அதைத் துண்டுச் சீட்டில் எழுதிப் பர்சில், அம்மா படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

ஜனவரிக் கடைசியில் மறுபடி ஐந்து நாள் பனி. ஆறாம் நாள் காலை கூடத்துச் சுவர்ப் போனில் அவன் முறை வந்தது. பதினைந்து நிமிடம். பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள், மேசைகளில் சிலர் டோமினோக் கட்டை ஆடிக்கொண்டிருந்தார்கள். இரும்பு வாசலுக்கு மேலிருந்த ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

ஹசிந்தா அழுதுகொண்டே சிரித்தாள். "தம்பி, ஜட்ஜ் உன் மனுவ ஏத்துக்கிட்டாராம்டா. அரசாங்கம் பதில் சொல்லணும்னு சொல்லிட்டாராம். உனக்கு ஒரு வக்கீல வேற போட்டிருக்காராம்."

கோர்ட் உத்தரவு இன்னும் அவன் கைக்கே வரவில்லை. ஒரு நொடி அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆறு வருடத்தில் ஒரு கதவு திறந்த சத்தத்தை அன்றுதான் கேட்டான். பிறகு, இது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டான்.

"எனக்கு என்னடா தெரியும். நீ குடுத்த நம்பர நம்ம லஸாரோகிட்ட குடுத்தேன். அவந்தான் போன்ல தேடிப் பாத்துப் படிச்சுச் சொன்னான்."

ஒக்தாவியோ குரலைத் தாழ்த்தினான். எதைப் படித்தான், எவ்வளவு படித்தான் என்று கேட்டான். எல்லாவற்றையும்தான் என்றாள் அவள். ரொம்ப நேரம் படித்தானாம். சமையலறையிலேயே உட்கார்ந்து, கொடுத்த காப்பி ஆறிப்போகிற வரைக்கும். நடுவில் எழுந்துபோய் ஜன்னல் திரையைச் சாத்தினானாம், கண் கூசுகிறது என்று. நல்ல பையன், இந்த ஆறு வருடமும் தண்ணீர்க் குழாயிலிருந்து கூரைவரை எல்லாம் அவன்தானே பார்த்துக் கொடுக்கிறான் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அக்கா, இப்ப எங்க இருக்க?"

"வீட்லதான். அவனும் இங்கதான் இருக்கான். ஆலைக்கு லீவு சொல்லச் சொல்லிட்டான், எங்கயோ கூட்டிட்டுப் போறானாம், கொண்டாடணும்கிறான். இரு, உங்கிட்டப் பேசணுமாம்."

வேண்டாம், வாசலைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போ என்று அவன் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

"மச்சான்," என்றான் லஸாரோ. குரலில் கோபமே இல்லை. "படிச்சேன்டா. பதினாலு பக்கமும். உன் கையெழுத்து இன்னும் பள்ளிக்கூடத்துல இருந்த மாதிரியேதான் இருக்கு."

ஒக்தாவியோ போனைக் கையால் மறைத்துக்கொண்டான். பின்னால் நின்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரகசியம்னு வேற எழுதியிருக்க." லேசாகச் சிரித்தான். "நீ எதுக்கும் கவலப்படாத. அக்காவ நான் பாத்துக்கறேன்."

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மச்சான், சத்தியமா அவளுக்கு ஒண்ணுமே தெரியாது."

"தெரியாதுன்னுதான் தெரியுது. காப்பியெல்லாம் போட்டுக் குடுத்தாளே."

இன்னும் ஒரு நிமிடம் இருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது. அந்த நிமிடத்தை வாங்கிக்கொள்ள எதிர்முனையில் ஆள் இல்லை, லஸாரோ போனை வைத்துவிட்டிருந்தான். மறுபடி கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று அவன் விரல் எண்களுக்குப் போனது. பின்னால் நின்றவன் தோளைத் தொட்டு, முறை முடிந்தது என்று மரியாதையாகச் சொன்னான்.

அப்போதுதான் ஒலிபெருக்கி கரகரத்தது. வேலி தெரிகிறது, மைதானம் திறக்கிறது. ஐந்து நாள் அடைபட்டுக் கிடந்தவர்கள் ஓவென்று கத்திக்கொண்டு எழுந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் விழுந்தது. கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது.

ஒக்தாவியோ வாசலுக்குப் போகவில்லை. அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டு வெயிலில் போய் நின்றால் இன்றைக்கு அவன் காகிதம் சுத்தம்தான், நாளைக்கோ அடுத்த வாரமோ லஸாரோ சொல்லியனுப்பும்வரை. வக்கீல் வருவார், கோர்ட் நடக்கும், வீட்டுக்குக்கூடப் போகலாம். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. ஒக்தாவியோ கூடத்தின் கோடியில் இருந்த காவலர் மேசையைப் பார்த்தான். அதைச் சுற்றித் தரையில், கூப்பிடாமல் எந்தக் கைதியும் தாண்டாத சிவப்புக் கோடு போட்டிருந்தது.

துணைக்கு யாரையும் கூப்பிடாமல் நடந்தான். பாதி தூரத்தில், வாசல் வரிசையின் கடைசி ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோட்டைத் தாண்டியபோது டோமினோ மேசையில் கட்டைகளை அள்ளிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

ப்ரூவர் நிமிர்ந்து, உடம்புக்கா என்று கேட்டார்.

"இல்ல சார். ஒலிவேரால ஏழாம் தெருவுல எங்க அக்கா வீடு இருக்கு. அங்க போலீஸ அனுப்பச் சொல்லுங்க. இப்பவே. அவளக் கொல்லப் போறான்."

"யாரு?"

வாசல் வரிசை நகரவில்லை. வெளியே பளிச்சென்று வெயில் அடித்தது. அறுபது பேர் அதில் இறங்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"லஸாரோ உர்பினா," என்றான் ஒக்தாவியோ.

ப்ரூவர் ஒரு கையால் போனை எடுத்துக்கொண்டு மறு கையால் பேனாவைத் திறந்தார். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றார். சத்தம் அப்போது எங்கேயும் இல்லை.

"இன்னொரு தடவ சொல்லு. எழுத்துக் கூட்டி, மெதுவா."

அவன் இன்னொரு தடவை, எழுத்துக் கூட்டி, மெதுவாக, கூடம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னான்.