தெருவெல்லாம் காய்ந்த அண்ணாச்சி வத்தல்

நேற்று சென்னையிலிருந்து மகன் பேசினான். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் புகுந்துவிட்டதாம். "கவலைப்படாதீங்கப்பா, போட்டோ அனுப்பிட்டேன், இன்சூரன்ஸ் வந்துரும்" என்றான். உடனே எனக்குத் தும்மல் வந்தது. சிரிக்காதீர்கள். வெள்ளம், இன்சூரன்ஸ் இரண்டையும் சேர்த்துக் கேட்டால் என் மூக்குக்கு மிளகாய் வத்தல் நெடிதான் ஞாபகம் வரும்.

எழுபதுகளில் நான் அருப்புக்கோட்டையில் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அந்த வறண்ட சீமையில் வெள்ளத்துக்கும் சேர்த்து பாலிசி விற்ற மகா புத்திசாலி. "ஏலே, இங்க குடிக்கவே தண்ணியக் காணோம்!" என்று சிநேகிதர்கள் கேலி செய்வார்கள். பாளையம்பட்டியில் வத்தல் கடை வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி மட்டும் என் முகத்துக்காக ஒன்று எடுத்தார்.

அந்தக் கார்த்திகையில் கண்மாய் உடைந்தது. கடையின் பின்சுவர் சரிந்து, மூட்டையெல்லாம் தண்ணீரில். தையில் மகள் கல்யாணம், அதற்கென்று சேர்த்து வைத்த சரக்கு. அண்ணாச்சி பிரமை பிடித்தவர் போல வாசலில் உட்கார்ந்திருந்தார். "கம்பெனி சர்வேயர் வந்து சேதத்தக் கணக்குப் பாக்குற வரைக்கும் எதையும் தொட்டுறாதீக" என்று தெருவுக்கே சொல்லிவிட்டு, அவரைக் கூட்டிவர மதுரைக்கு பஸ் ஏறினேன்.

வழியில் பாதையை மூழ்கடித்த ஓடைத்தண்ணீர் வடிய ஒரு வாரமானது, அதன் பிறகுதான் திரும்ப பஸ் விட்டார்கள். சர்வேயரோடு வந்து இறங்கினால், கடை கல்யாண வீடு மாதிரி நிற்கிறது! சுவர் எழுப்பி, வெள்ளையடித்து, வாசலில் கோலம் வேறு.

"சேதம் எங்கப்பா?" என்றார் சர்வேயர்.

பக்கத்துக் காப்பிக்கடை முத்தம்மாக்கா முன்னால் வந்தார். "அண்ணாச்சி அப்படி உக்காந்திருக்காக, நாங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கவா? வேணும்னா சொல்லுங்க சார், செவத்த மறுபடி இடிச்சிருவோம்."

நிஜமாகவே ஒருவர் கடப்பாரை எடுக்கப் போய்விட்டார்!

சர்வேயர் வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. "சரக்கெல்லாம் எங்க?"

"மாடிக்கு வாங்க" என்றார் அக்கா.

ஏறிப் பார்த்தால் மாடி, ஓட்டுக்கூரை, கயிற்றுக்கட்டில் என்று தெரு முழுக்க அண்ணாச்சியின் வத்தல் காய்கிறது. நிறம் செத்துக் கறுத்துப்போனதுதான், ஆனால் ஒரு கைப்பிடிகூட வீட்டுக் குழம்புக்குப் போகவில்லை. சர்வேயர் வீடு வீடாக ஏறித் தும்மிக்கொண்டே குறித்தார். ஏறிய வீட்டிலெல்லாம் காப்பி. "இது அண்ணாச்சியோடது, நல்லாப் பாருங்க சார்" என்று ஆளாளுக்கு அள்ளிக் காட்டினார்கள்.

"சேதத்துக்கு இம்புட்டுச் சாட்சிய எந்த ஊர்லயும் பாத்ததில்லய்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார் சர்வேயர். பணம் வந்தது. தையில் கல்யாணமும் நடந்தது. பந்தியில் சர்வேயரும் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இதெல்லாம் ஞாபகம் வர, நேற்று போனில் மகனிடம் கேட்டேன், "தண்ணிய எறைக்க யாருப்பா வந்தா?"

"யாருமில்லப்பா. மேல்வீட்ல ஆளிருக்காங்க. பேருதான் தெரியல."

சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன். போனதும் முதல் வேலையாக மேல்வீட்டுக் கதவைத் தட்டிப் பேரைக் கேட்க வேண்டும்.