மறுகால் பாயுது

மழை வேண்டாம் என்று சாமி கும்பிட்ட ஒரே ஆள் மதுரைப் பக்கம் நானாகத்தான் இருப்பேன். திருமங்கலம் தாண்டி ஒரு கல்குவாரியில் சுற்றுச்சூழல் அலுவலர் என்பது என் உத்தியோகம். பெயர்தான் பெரிது. வேலை என்னவோ மழைக்கும் மண்ணுக்கும் நடுவே நின்று திட்டு வாங்குவது.

பாறையை எடுக்குமுன் மேலே கிடக்கும் மண்ணை வழித்து ஓரமாகக் குவிப்பார்கள். எங்கள் குவியல் ஒரு குட்டி மலை. போன ஐப்பசியில் அது கரைந்து, வேலியைத் தாண்டி, கீழே இருந்த பருத்திக் காட்டில் போய்ப் படுத்துக்கொண்டது. அந்தக் காட்டுக்காரர் ஊரில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பம். சும்மா விடுவாரா? கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டார். இன்னொரு தடவை கலங்கல் தண்ணீர் வேலிக்கு வெளியே போனால் குவாரியை மூடிவிடுவோம் என்று உத்தரவு வந்தது. குவாரி மூடினால் என் உத்தியோகமும் மூடும்.

ஆகவே குவியலின் காலடியில் ஒரு குட்டை வெட்டினேன். கலங்கல் தண்ணீர் அதில் தங்கி, மண் அடியில் படிந்து, தெளிந்தது மட்டும் வெளியே போகவேண்டும். 'வண்டல் படிவுக் குட்டை' என்று பலகையும் வைத்தேன். ஊர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கோ பொறுமை கிடையாது. சின்னக் கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், கரை இருக்கிறது, தண்ணீர் வழியக் கலுங்கு இருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லித் தொலைத்தேன். சனி என் நாக்கில் உட்கார்ந்திருந்தது.

இந்த ஐப்பசியில் அதிகாரி பார்வையிட வரும் நாளன்று விடியும்போதே வானம் பொத்துக்கொண்டது. பத்து மணிக்குக் குட்டை தளும்பி, டீ நிறத் தண்ணீர் கலுங்கில் வழிந்து வேலியை நோக்கி ஓட ஆரம்பித்தது. மணல் மூட்டை அடுக்க ஆள் வேண்டும். டீக்கடைக்குப் போயிருந்த வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன். பதற்றத்தில் வாயில் வந்தது இதுதான்:

"அண்ணே, மறுகால் பாயுது. ஊரையே கூட்டிட்டு வாங்க."

கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிவதைத்தான் மறுகால் பாய்வது என்போம். எங்கள் பக்கம் அது திருவிழா. ஊர்க் கண்மாயில் அது நடந்து பல வருஷம் ஆகியிருந்தது. அரை மணி நேரத்தில் மழையும் விட்டது, ஊரும் வந்தது. மூட்டை ஒன்றுகூட இல்லை. தாம்பாளத்தில் தேங்காய் பழம், கூடை கூடையாகச் செவ்வந்தி, முன்னால் ஒரு கிடா, பின்னால் பெண்களின் குலவை. அம்புட்டுக் கூட்டத்திலும் என்னைப் போலக் கவலையாக இருந்தது கிடா மட்டும்தான்.

இது கண்மாய் இல்லை என்று கத்தினேன். கலுங்கு இருக்குல்ல என்றார்கள். கூடைகளைத் தண்ணீரில் கவிழ்த்தார்கள். முதல் மரியாதை யாருக்கு? மனுக் கொடுத்த அதே காட்டுக்காரருக்கு. தலையில் பரிவட்டமும் கழுத்தில் மாலையுமாக அவர் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றபோது ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரிக்கும் ஒரு மாலை விழுந்தது.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம். இவ்வளவு மரியாதையை வாங்கிக்கொண்டு காட்டுக்காரர் எந்த வாயால் குறை சொல்வார்? உங்களுக்குப் பாதிப்பு உண்டா என்று அதிகாரி கேட்டார். காட்டுக்காரர் பரிவட்டத்தைக் கழற்றாமலே சட்டைப் பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து நீட்டினார்.

"மரியாதை வேற, மனு வேற. தண்ணி எங்க போகுதுன்னு அந்தப் பூவைக் கேளுங்க சார்."

செவ்வந்தி வேலியைத் தாண்டி, வரப்பைத் தாண்டி, அவர் காட்டுக்குள் வரிசை வரிசையாகப் போயிருந்தது. அதிகாரி மாலையும் கழுத்துமாக நின்று போட்டோ எடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்குக் கிடாவையே முட்டியிருப்பேன்.

அந்தக் கோபத்தோடேதான், காட்டைப் பார்க்கக் கிளம்பிய அவர்கள் ரெண்டு பேர் பின்னால் போனேன். அந்தக் காட்டுக்குள் நான் இறங்கியது அன்றுதான் முதல் தடவை. கணுக்கால் புதைந்தது. விதைத்து ரெண்டு வாரமான பருத்தி, நுனி இலை மட்டும் வெளியே தெரிய மூழ்கிக் கிடந்தது. அவருடையது கரிசல். என் காலில் அப்பியிருந்தது எங்கள் குவியலின் செம்மண். ஒரு வருஷமாக நான் வானத்தைப் பார்த்தேன், உத்தரவைப் பார்த்தேன், இதைப் பார்க்கவேயில்லை. வெட்கமாக இருந்தது.

அதிகாரி என்னிடம் நீட்டிய தாளில், மண் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி. கனமழை அடித்து வந்த மண் என்று எழுதினால் தப்பிக்கலாம். முதலாளியும் போனில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் 'எங்கள் மண்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குவாரி மத்தியானமே நின்றது.

கறிச்சோற்றுப் பந்தியில் ஓரமாக ஒதுங்கி நின்றவனைக் காட்டுக்காரர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வேலை போய்விடும் அண்ணே என்றேன். என் இலையில் நல்லி எலும்பாகப் பார்த்து ஒன்றை வைத்தார்.

"வேலை போனா என்ன மாப்ள? ஒன் மண்ணு அம்புட்டும் எங்காட்டுலதான கெடக்கு. காலைல மம்பட்டியோட வா."

மறுநாள் ஏழு மணிக்கெல்லாம் போய்விட்டேன்.