தெருவுக்கு விட்ட இடம்

கோட்டாற்றுத் துணி வியாபாரி மீரான் அண்ணாச்சி காலமான செய்தியைப் போன வெள்ளிக்கிழமை காலையில் அவர் கடைக் கணக்கப்பிள்ளை வந்து சொன்னார். வெளியே மழை. இந்த மழைக்கு அண்ணாச்சி வீட்டில் இருக்க மாட்டாரே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. என்னைப் போல நகரசபையில் அவரோடு உறுப்பினராக இருந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

வீடு கட்ட யாராவது மனுக் கொடுத்தால் நாங்கள் வெயிலில் போய் மனையைப் பார்த்துவிட்டு வருவோம். அவர் மழைக்குக் காத்திருப்பார். ஒரு கையில் குடை, மறு கையில் செருப்பு. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் சம்மதிப்பார். "வெயில்ல எல்லா எடமும் வீட்டுமனைதான்வே. மழையில வந்து பாரும், எது வயலு, எது ஓடைன்னு அதுவே சொல்லும்" என்பார். ஓடையை மறித்துக் கட்டக் கேட்ட சொந்த மச்சானுக்கும் இல்லை என்றுதான் சொன்னார். அந்தப் பெருநாளைக்கு மச்சான் வீட்டிலிருந்து அவருக்குச் சோறு வரவில்லை.

அந்தப் பிடிவாதம் ஒருநாள் என் வாசலுக்கும் வந்தது. எங்கள் தெருவில் எதிரெதிரே வந்த வண்டிகள் ஒதுங்க இடமில்லாமல் தினமும் சண்டை. இனி வீடு கட்டுகிறவர்கள் ஒரு கட்டை வண்டி நிற்கும் அளவு முன்னால் இடம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று சபையில் பேச்சு வந்தபோது முதலில் கை தூக்கியவன் நான். பிறகு என் மனையிலேயே வீட்டுக்கு முதல் கல்லாகக் கன்னிமூலைக் கல் போட்டேன். தையில் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் வீடு எழும்பியாக வேண்டும். இடம் விட்டுத்தான் போட்டேன். ஆனால் வேலியிலிருந்து அளந்தேன். எங்கள் பக்கத்தில் வேலியைப் பிரித்துக் கட்டும்போதெல்லாம் அது தெருப்பக்கம் கொஞ்சம் நகரும். ஊரார் வேலி நகர்வது தெரிந்த எனக்கு என் வேலியும் நகர்ந்திருக்கும் என்று தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் அண்ணாச்சி வந்தார். வேலிக்கு உள்ளே, பூவரசு மரத்து மூட்டில், வேரை ஒட்டி, பழைய எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தார். "இதுல இருந்துல்லா அளக்கணும்? கன்னிமூலை, விட வேண்டிய எடத்துக்குள்ள கெடக்குவே. அனுமதி இல்ல" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவர் முகத்தையே பார்க்கவில்லை. அம்மா அழுதுவிட்டாள். "போட்ட கல்ல எடுக்கப்பிடாது மக்கா, புள்ளைக்கிக் கல்யாணம் வருது" என்றாள்.

அவர் குடையை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்தார். "கல்ல ஆரு எடுக்கச் சொன்னா தாயீ? சொவரும் கூரையுந்தான் இங்க வரப்பிடாது. இந்தக் கல்லு நெலத்துக்கு இருக்கட்டும். வீட்டுக்குன்னு உள்ள தள்ளி வேற கல்லு போடுவோம்."

அம்மா யோசித்தாள். "அப்பம் இதுல வெளக்கு வைக்கலாமா?"

"தெனமும் வையுங்க."

வீடு தள்ளிப் போனதில் ஓர் அறை குறைந்தது. அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் குத்துவேன், அவர் சிரிப்பார். கல்யாணப் பந்தல் அந்த விட்ட இடத்தில்தான் நின்றது. வந்தவர்களுக்கு முன்னால் நின்று சந்தனம் கொடுத்தவர் அவர்.

போன வெள்ளிக்கிழமை பிற்பகல் அவர் உடலை அடக்கத்துக்கு எங்கள் தெரு வழியாகத்தான் கொண்டு வந்தார்கள். எதிரே நெல் வண்டிகள் வந்தன. என் வீட்டுக்கு முன் மையத்தை ஒதுக்கி நிறுத்தித் தோள் மாற்றினார்கள். பொழுது சாயும் முன்பே அம்மா கல்லில் விளக்கு ஏற்றி, தூறலில் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணாச்சி எனக்கென்று விட்டுப்போனது, என் மனையில் நான் கட்டாத அந்த இடம். அதில் நின்றுதான் அவருக்கு நான் தோள் கொடுத்தேன்.