குழாய் பாய் செய்த ஒரே பயான்

பள்ளிவாசல் கமிட்டியின் ஆண்டறிக்கை குழாய் பாயை ‘மலைவாழ் பழங்குடி மக்களிடையே மார்க்க அழைப்புப் பணியாற்றிவரும் நாவன்மை மிக்க பேச்சாளர்’ என்கிறது. அந்த வரியைப் படித்த அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

“சாப்பாட்டுல உப்பில்லன்னாலும் வாயைத் திறக்க மாட்டார். முகத்தைப் பாத்து நாமளே போட்டுக்கணும். இவரு பேச்சாளராம்!”

அவர் குழாய் வேலை செய்பவர். மலைக்கு முதலில் போனதுகூடப் பேச்சாளர் ஒருவரைத் தம் வேனில் கொண்டுபோய் இறக்கத்தான். அந்தப் பேச்சாளர் சுத்தத்தின் மேன்மை குறித்து நெடுநேரம் பயான் செய்தார். கேட்டு முடித்த குடியிருப்புத் தலைவி, “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கழுவத் தண்ணி?” என்றார். பேச்சாளர் திரும்பி வேன்காரரைப் பார்த்தார். நியமனம் அந்தப் பார்வையிலேயே முடிந்துவிட்டது.

மேலே பாறையிடுக்கில் ஓர் ஊற்று இருந்தது. குடியிருப்பு ஆட்கள் பள்ளம் தோண்ட, கமிட்டி கொடுத்த பைப்பை அவர் இறக்கினார். தண்ணீர் வந்தது, கூடவே ஒரு கோளாறும் வந்தது. அவர் ஆயுளில் பாதி, பள்ளிவாசல்களில் தொழுகைக்கு முன் உட்கார்ந்து முகம், கை, கால் கழுவும் உளூவுக்குக் குழாய் வைத்தே கழிந்திருந்தது. கை தன் பழக்கத்தில் இங்கேயும் முழங்கால் உயரத்தில் வரிசையாகக் குழாய், எதிரே உட்காரச் சிமென்ட் திட்டு, நடுவே கால்வாய் என்று கட்டிவைத்துவிட்டது. எந்தக் குழாய்க்கு அடியிலும் குடம் நுழையவில்லை.

“ஏன் பாய், இந்தத் திட்டு எதுக்கு? குடத்துக்குக் கால் வலிக்கும்னா?” என்றார் தலைவி.

“பழக்கதோஷம்மா. நாளைக்கே ஒசத்திடறேன்.”

அது நடக்கவில்லை. காட்டு வேலை முடித்து வந்த கிழவர்கள் திட்டில் வரிசையாக உட்கார்ந்து கால் கழுவ ஆரம்பித்திருந்தார்கள். “இதை இடிக்கறதா இருந்தா எங்களையும் சேத்து இடிச்சுக்கோ” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காட்சியை யாரோ படமெடுத்துக் கமிட்டித் தலைவருக்கு அனுப்பினார்கள். அவர் நெகிழ்ந்து போனார். “ஊரே உளூ செய்யுதுப்பா!” வெள்ளிக்கிழமை தொழுகை விரிப்புகளோடு தாமே வருவதாகவும், மேல்குடியிருப்புக்கு வேண்டிய பைப்பையும் கையோடு கொண்டுவருவதாகவும் சொல்லியனுப்பினார்.

மேல்குடியிருப்புப் பெண்கள் இன்னமும் ஓடையிலிருந்துதான் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பைப் வந்த வழியே திரும்பிவிடலாம். வீட்டில் அவர் முகத்தைப் பார்த்தே மனைவி விஷயத்தைக் கறந்துவிட்டார்.

“பொய் சொல்லி வாங்கின தண்ணியில எதைக் கழுவப் போறீங்க?”

வெள்ளிக்கிழமை தலைவியே ஒரு வழி சொன்னார். “பைப் வரும்னா சொல்லுங்க பாய், ஒருநாள் விரிப்புல உக்காந்துட்டு எந்திரிக்கறோம். என்ன குறைஞ்சுடும்?”

“வேணாம்மா” என்ற குழாய் பாய், வேனிலிருந்து இறங்கிய தலைவரிடம் நேரே போனார். “தலைவரே, இவங்க யாரும் மார்க்கத்துக்கு வரல. நான் கூப்பிடவும் இல்ல. குழாயைத் தாழ வெச்சது என் தப்பு.”

அவர் செய்த ஒரே பயான் அதுதான்.

தலைவர் விரிப்புக் கட்டைக் கீழே வைத்தார். “அப்ப இத்தனை நாளா இங்க என்னதான்யா பண்ணிட்டிருந்த?”

பதில் சொன்னது தலைவி. “வேளைக்குத் தொழுவாரு, அப்புறம் பள்ளம் தோண்டுவாரு. உங்க மார்க்கம் என்ன சொல்லுதுன்னு நாங்கதான் கேட்டோம். தாகத்துக்குத் தண்ணி கொடுக்கறது பெரிய தருமம்னாரு. அதுக்கு மேல கேட்டா, பைப்போட அந்த முனையைப் பிடிங்கன்னுட்டாரு.”

தலைவர் திட்டில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, சேறான காலைக் கழுவிக்கொண்டார். பக்கத்திலிருந்த கிழவர் நகர்ந்து இடம் விட்டார். தண்ணீர் சில்லென்றிருந்தது போலும். கழுவி முடித்தும் அவர் குழாயை மூடவில்லை.

“திட்டு நல்லாத்தான் இருக்கு” என்றார் கடைசியில். “பைப்பை இறக்குங்கப்பா. தாழ வெச்சதும் ஒசத்தி வெச்சதும் எனக்கெதுக்கு?”

அன்று அந்த விரிப்புகளில் தொழுதது தலைவரும் குழாய் பாயும் மட்டும்தான்.

குழாய் பாய் கிழவர்களுக்காகப் பாதிக் குழாய்களை அப்படியே விட்டுவிட்டு, மீதியைக் குடம் நிற்கும் உயரத்துக்கு ஏற்றினார். அடுத்த மழைக்கு முன் மேல்குடியிருப்புக்கும் தண்ணீர் கொண்டுபோனார்.